தொண்டை கட்டிய வருஷம்

டிசம்பர் பாதி கடந்த ஒரு காலையில் சுந்தரமூர்த்தி ஐயா போன் போட்டார். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக் கவிஞர்களையெல்லாம் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூட்டிவைத்துக் கவியரங்கம் நடத்துகிறவர்.

"பீமா, வருஷக் கடைசிக் கூட்டத்துக்குத் தலைப்பு 'இந்த ஆண்டும் நானும்'. இந்த வருஷம் நாம எப்படி வளர்ந்தோம், நம்ம கற்பனைக்கு எது உரம் போட்டுச்சு, ஒவ்வொருத்தரும் அதப் பத்திப் பேசணும். ஒரு கவிதையும் வாசிக்கணும். நீ என்ன பேசப்போற?"

"யோசிச்சுச் சொல்றேன் ஐயா" என்றான் பீமாராவ்.

ஐயா கேட்டார்: "யோசிச்சா? நீயா?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. போன வருஷம் வரைக்கும் தலைப்பைச் சொல்லி வாயை மூடுவதற்குள் நாற்பது வரி அடுக்கிவிடுகிற ஆள் அவன்.

செஞ்சி வட்டாரத்தில் பீமாராவின் முகம் பலருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர்கள் கிடையாது. தலையில் இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு "அன்பார்ந்த பொதுமக்களே!" என்று ஊர் ஊராகப் போகும் ஆட்டோவில் ஒலிப்பது அவன் குரல்தான். துணிக்கடை திறப்பு விழாவா, கண் சிகிச்சை முகாமா, தீமிதித் திருவிழாவா, யாராவது செத்துப்போன செய்தியா, எல்லாவற்றுக்கும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஆட்டோ சாமுவேலுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சிநேகிதர்கள். ஒருத்தன் ஓட்டுவான், ஒருத்தன் பேசுவான். இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு.

பீமாராவ் என்று பேர் வைத்தது நைனா, அவன் அப்பா. அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு உழைத்தே காலத்தைக் கழித்தவர். "நாங்கல்லாம் ஓரமா நின்னு, கேட்டதுக்கு மெதுவா பதில் சொல்லிப் பழகிட்டோம். நீ சத்தமாப் பேசுடா" என்பார். மகன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். திண்டிவனத்துக்கு பஸ்ஸில் போய் எம்.ஏ. தமிழ் படித்தான். அவர்கள் தெருவில் முதல் எம்.ஏ. அவன்தான். மைக்கில் பேசினாலும் வீட்டில் பேசினாலும் ஒரே சத்தம்தான். கவிதையும் அப்படியே. எரிமலை, சுனாமி, இடிமுழக்கம் மூன்றும் இல்லாமல் அவன் கவிதை எழுதியதில்லை. கவிதை வரவில்லையென்றால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை ஏறுவான். உச்சியில் நின்று காற்றை நோக்கிக் கையை விரிப்பான். ஒருமுறை அப்படி விரித்த நேரத்தில் குரங்கு ஒன்று போண்டாப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு போனது. அதையும் விடாமல் 'வானரப் புரட்சி' என்று அறுபது வரி எழுதினான்.

இப்படிப்பட்டவனுக்கு ஜூலை மாதம் குரல் போய்விட்டது.

ஒரு ஃபர்னிச்சர் கடை அறிவிப்பு. வல்லம் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். "சோபாக்கள், கட்டில்கள், பீரோக்கள்" என்று ஏற்றிக்கொண்டே போனவன் "பீரோ"வில் நின்றுவிட்டான். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. மைக்தான் போச்சு என்று சாமுவேல் இறங்கி ஒயரை ஆட்டிப் பார்த்தான். ஒயர் நன்றாகத்தான் இருந்தது.

விழுப்புரத்தில் தொண்டை டாக்டரிடம் காட்டினார்கள். அவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குரல் வருகிற இடத்தில் சின்னதாகக் காய்ப்பு காய்த்திருக்கிறது என்றார்.

"ஒரு மாசத்துக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. ரகசியம் பேசற மாதிரி பேசறதும் கூடாது, அது இன்னும் கெடுதல். அப்புறமும் கத்தற வேலைய விட்டுடணும்."

பீமாராவ் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். கூட வந்திருந்த மனைவி வெண்மதி அவன் வாயைப் பொத்தினாள். "சரிங்க டாக்டர்" என்று அவன் சார்பில் அவளே சொன்னாள்.

அந்த மாதம்தான் செஞ்சிக் கோட்டை உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. டிவியில் செஞ்சி, பேப்பரில் செஞ்சி, கடைவீதி முழுக்க பேனர். சுந்தரமூர்த்தி ஐயா சிறப்புக் கவியரங்கம் அறிவித்தார். பீமாராவிடம் கோட்டையைப் பற்றி நூறு வரி தயாராக இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? முதல் வரிசையில் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

இதுவரை எந்தக் கவியரங்கத்திலும் அவன் மற்றவர் கவிதையைக் கேட்டதில்லை. தன் முறை எப்போது வரும் என்று காகிதத்தைத் தடவிக்கொண்டே இருப்பான். அன்றைக்கு வேறு வழியில்லை, கேட்டான். முதல் கவிஞர் "கல்லே பேசு!" என்றார். இரண்டாமவரும் கல்லைப் பேசச் சொன்னார். மூன்றாமவர் கல் பேசிவிட்டது என்றார். 'மதில்' என்று யாராவது ஆரம்பித்தால் அடுத்த வரியில் 'பதில்' வந்து நின்றது. கோட்டை கூப்பிட்டது, அழுதது, விம்மியது. அதே ஊரில் பிறந்து வளர்ந்த இத்தனை பேரில் ஒருத்தர்கூட அங்கே நிஜமாகப் போய்ப் பார்த்த ஒரு பொருளைச் சொல்லவில்லை.

பீமாராவுக்கு உள்ளுக்குள் சிரிப்பாக இருந்தது. பிறகு சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த தன் நூறு வரியை எடுத்துப் பார்த்தான். முதல் வரி, "கல்லே, நீ பேசு!"

சிரிப்பு நின்றுபோனது.

வீட்டிலும் நிலைமை மாறியிருந்தது. மகள் கலைமதி சென்னையில் விடுதியில் தங்கி நர்சிங் படிக்கிறாள். வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான். வெண்மதிக்கு அனந்தபுரத்தில் ரேஷன் கடையில் வேலை. சாயங்காலம் பஸ்ஸைப் பிடித்து வந்து, கால் கழுவி, டீ போட்டு உட்காருவாள். அவள் அன்றைய சங்கதியை ஆரம்பித்தால், பாதியிலேயே அவன் புகுந்து ஏழையின் வயிறு, எரியும் அடுப்பு என்று முழங்கத் தொடங்கிவிடுவான். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒரு கதையையும் முடித்ததில்லை.

இப்போது முடித்தாள்.

"இன்னிக்கு ஒரு அண்ணன் வந்துச்சு. அரிசில வண்டு இருக்குதுன்னு ஒரே சண்டை. நான் இன்னா பண்ண முடியும்? பையத் தொறந்து காட்டுண்ணேன்னேன். பாத்தா ஒரே ஒரு வண்டு. அதுவும் அவரு வூட்டுப் பையிலயே இருந்து வந்தது. வரிசையில நின்ன பொம்பள ஒண்ணு சொல்லுது, 'யோவ், அது உன்கூட அரிசி வாங்க வந்துருக்குதுய்யா, அதுக்கும் கார்டுல பேரு சேத்துடு.'"

பீமாராவுக்கு அடக்க முடியவில்லை. சத்தம் வராமல் சிரிக்க வேண்டியிருந்ததால் கட்டிலில் விழுந்து புரண்டான். வெண்மதி பயந்துபோய் தண்ணீர் கொண்டுவந்தாள். அப்புறம்தான் அவன் சிரிக்கிறான் என்று தெரிந்தது. அவளுக்கும் சிரிப்பு பற்றிக்கொண்டது.

போனில் தட்டிக் காட்டினான்: 'நீ இவ்ளோ நல்லா பேசுவியா?'

"கேட்டாத்தானே தெரியும்" என்றாள் அவள். கோபமில்லை. சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போனாள்.

அந்த மாதத்தில் வெண்மதி பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். கடை எடைமேடை, பஸ் கண்டக்டர், கலைமதியின் விடுதிச் சாப்பாடு, தன் சின்ன வயசு. அவள் பள்ளிக்கூடத்தில் நாடகத்தில் கிழவி வேஷம் கட்டியதும், பார்த்த தலைமையாசிரியர் நிஜக் கிழவி என்று நினைத்து நாற்காலி போட்டதும் இப்போதுதான் அவனுக்குத் தெரியவந்தது.

ஆடி வந்தது. தள்ளுபடி விற்பனைக் காலம், ஆட்டோவை நிறுத்த முடியாது. போன வருஷத்துப் பதிவு ஒன்று பென் டிரைவில் இருந்தது. சாமுவேல் அதைச் சொருகினான். "நீ சும்மா பக்கத்துல குந்திக்க. உன் கொரல் வேல செய்யட்டும்" என்றான்.

அப்படித்தான் பீமாராவ் முதன்முறையாகத் தன் குரலை வெளியிலிருந்து கேட்டான். பகல் முழுக்கக் கேட்டான். "ஆடி அதிரடி! அடிச்சான் பாரு சரவெடி!" என்று தலைக்கு மேல் அது போட்ட கூச்சலில் ஆடுகள் வேலியைத் தாண்டின. ஒரு வீட்டில் ஒரு தாய் தொட்டிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் கதவைச் சாத்தினாள். டீக்கடையில் ஒருத்தர் கிளாஸை மைக் மாதிரி பிடித்து அவனைப் போலவே பேசிக் காட்டினார். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே பேசினார்.

"இன்னாடா மூஞ்சி இப்பிடி ஆயிடுச்சு?" என்றான் சாமுவேல்.

பீமாராவ் ஸ்பீக்கரைக் காட்டி, காதைப் பொத்திக் காட்டினான்.

"இருவது வருசமா இத நான் பக்கத்துல குந்தி கேக்கறன். உனக்கு ஒரு நாளு தாங்கல."

சீயமங்கலம் பக்கம் ஒரு கிராமத்தில் தெருமுனையில் ஓரங்கட்டினார்கள். எதிர் வீட்டிலிருந்து ஒரு அம்மா இறங்கி வந்தது. ஐம்பத்தைந்து வயசிருக்கும். கையில் முறம்.

"தம்பி, இந்த மைக்குல பேசறவன் எவன்? அவன நான் பாக்கணும்."

அந்த அம்மா கேட்ட தோரணையில் சாமுவேலுக்கு உஷார் வந்திருக்க வேண்டும். அவனுக்குக் குறும்புதான் வந்தது. "இதோ இவன்தான்ம்மா. ஆனா தொண்ட கட்டிக்கிச்சு, பேச மாட்டான்."

"நல்லதாப் போச்சு" என்றது அந்த அம்மா. "அப்ப நான் பேசறதக் கேளு."

அதன் பேர் ராயம்மாள். சித்திரை மாதம் புருஷன் யாகப்பன் இறந்துபோனார். சாவுச் செய்தியைச் சுற்று ஊர்களுக்குச் சொன்னது பீமாராவ்தான். அவனுக்கு நினைவில்லை. மாதத்துக்கு எத்தனையோ சாவு, எல்லாவற்றுக்கும் ஒரே வசனம்.

"இமயம் சாஞ்சிடுச்சுன்னு சொன்ன. சூரியன் மறஞ்சிடுச்சுன்னு சொன்ன. எங்க வூட்டுக்காரரு என் தோளு ஒசரம் இருப்பாரு தம்பி. அவரு எங்க இமயம்? பக்கத்து ஊர்ல எங்க நாத்தனாரு வாசல்ல குந்தி நீ சொன்னதக் கேட்டிருக்கா. யாரோ பெரிய கட்சிக்காரர் பூட்டாருன்னு நெனச்சுட்டா. பேரு சொன்னது காதுல ஏறவே இல்ல. சொந்த அண்ணன் சாவுக்கு அடக்கம் முடிஞ்சப்புறம் வந்து நிக்கறா."

சாமுவேல் ஸ்பீக்கரை நிறுத்தினான்.

பீமாராவ் ஆட்டோவை விட்டு இறங்கினான். வழக்கமாக இருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். இப்போது கை இரண்டையும் சேர்த்துக் கும்பிடத்தான் முடிந்தது. பிறகு போனை எடுத்து மெதுவாகத் தட்டி நீட்டினான். ராயம்மாளுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது. சாமுவேல்தான் வாசித்தான்: 'அவர் எப்படி இருப்பாரு, சொல்லுங்கம்மா.'

ராயம்மாள் முறத்தைக் கீழே வைத்தது.

"கோழி வளத்தாரு. மழ வந்தா கோழிங்க கூண்டுக்குள்ள போவாம கண்டபடி ஓடும். இவரு முன்னாடி ஓடிக் கூண்டுக்குள்ள தலய உட்டு 'பா பா'ன்னு கூப்புடுவாரு. அது ஒவ்வொண்ணா பின்னாலயே வரும். மழ வந்தா தெருவுல போற ஜனத்துக்கு எங்க வூட்டுக்காரரு முதுகுதான் தெரியும்." சொல்லும்போதே சிரித்தது. சிரிப்பு முடிகிற இடத்தில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. "அதச் சொல்லியிருந்தியன்னா நாலு ஊர்ல இருந்தும் வந்துருப்பாங்க. 'ஐயோ, நம்ம கோழிக்காரரா'ன்னு."

அன்று திரும்பும்போது சாமுவேல் எதையும் ஒலிக்கவிடவில்லை. வழியில் நிலக்கடலைக் கொல்லையில் பெண்கள் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் ஏதோ சொல்ல, வரிசையே சிரித்தது. என்ன சொன்னாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் பீமாராவுக்கு இருந்தது. இதற்கு முன் அப்படி இருந்ததே இல்லை.

ஆவணியில் குரல் திரும்பியது. பழைய குரல் இல்லை. கனமும் சத்தமும் குறைந்து, கொஞ்சம் கரகரப்பாக, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. முதலில் அவனுக்கு அது பெரிய வருத்தமாக இருந்தது. நைனா சத்தமாகப் பேசச் சொன்னாரே என்று வெண்மதியிடம் புலம்பினான்.

"மாமா சத்தமாப் பேசச் சொன்னது யாருக்கும் பயப்படாம இருக்கத்தானே? இப்ப யாருக்குப் பயந்து மெதுவாப் பேசற?" என்றாள் அவள்.

அவன் எண்ணிப் பார்த்தான். யாருக்கும் பயமில்லை, டாக்டரைத் தவிர.

புரட்டாசியில் ஒரு சாவு. செஞ்சிக்குப் பக்கத்துக் கிராமத்தில் குஞ்சம்மாள் என்று ஒரு அம்மா. மகன் விநாயகம் வந்து, "எப்பவும் போல சொல்லிடுங்கண்ணா" என்றான்.

"சொல்லிடறேன். அம்மா எப்படி இருப்பாங்க?"

"எப்பிடின்னா?"

"நாலு பேரு அவங்களப் பத்திப் பேசினா மொதல்ல இன்னா சொல்வாங்க?"

விநாயகம் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அரை மணி நேரத்தில் ஆட்டோ கிளம்பியது. எரிமலையும் இல்லை, சூரியனும் இல்லை. "ஒரு செய்திங்க. யார் வீட்டுக் கல்யாணமானாலும் மொத ஆளா வந்து வேலைக்கு நிப்பாங்க, மொதப் பந்தியில உக்காந்து சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்லுவாங்க, நம்ம குஞ்சம்மாள். இன்னிக்குக் காலையில காலமாயிட்டாங்க."

முதல் தெருவைத் தாண்டுவதற்குள் குஞ்சம்மாளின் தம்பி பைக்கில் வந்து குறுக்கே நிறுத்தினார். முகம் சிவந்திருந்தது. "இன்னா நக்கலா? சாவுல வந்து சாம்பாரு, உப்புன்னுகிட்டு? எங்க அக்காவுக்கு ஒரு மரியாத வாணாம்?"

சாமுவேல் இன்ஜினை அணைத்தான். பீமாராவ் மைக்கைக் கீழே வைத்தான். கிராமம் மொத்தமும் பார்க்கிறது. அப்போது பக்கத்து வீட்டு வாசலில் நின்ற ஒரு பெண் வாயில் கையை வைத்துக்கொண்டு, "ஐயோ, எங்க வூட்டுக் கல்யாணத்துல உப்பு கம்மின்னு சொல்லிட்டு, அதுவே எழுந்து போயி உப்பு எடுத்துட்டு வந்து போட்டுச்சே" என்று சொல்லி ஓவென்று அழுதாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. எங்கள் வீட்டிலும், எங்கள் வீட்டிலும் என்று தெருவே பேச ஆரம்பித்தது.

தம்பி பைக்கை ஸ்டாண்ட் போட்டார். அவருடைய கல்யாணத்திலும் அக்கா அதையேதான் சொல்லியிருக்க வேண்டும். சட்டை நுனியால் முகத்தைத் துடைத்தார். "எல்லா ஊருக்கும் போங்க" என்றார். "ஒண்ணயும் வுட்டுடாதீங்க."

அன்றைக்குக் கூடிய கூட்டம் அந்த ஊரில் எந்தச் சாவுக்கும் கூடியதில்லை என்று சாமுவேல் இன்றைக்கும் சொல்வான். அவன் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான். அதற்கப்புறம் பீமாராவைக் கூப்பிட வருகிறவர்கள், தங்கள் ஆளைப் பற்றி வழியிலேயே பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள் என்பது மட்டும் நிஜம்.

இவ்வளவையும் ஐயா கேட்ட தலைப்புக்குள் எப்படி அடக்குவது? இந்த வருஷம் எழுதியதை எண்ணினால் போன வருஷத்தில் கால்வாசி தேறாது. பரிசு கிடையாது, சான்றிதழ் கிடையாது. மலை ஏறவேயில்லை. ஆட்டோவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததும், ரேஷன் கதை கேட்டதும்தான் மிச்சம். இதை வளர்ச்சி என்று மேடையில் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

கூட்டம் நடந்த ஞாயிறன்று மாடி நிறைந்திருந்தது. ஒருவர் தான் வாங்கிய விருதுகளைச் சொன்னார். ஒருவர் விடியல் தன்னைத் தட்டி எழுப்பியது என்றார். பீமாராவ் எழுந்தான். மைக்கைத் தள்ளி வைத்தான். கடைசி வரிசைக்காரர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார்கள்.

"இந்த வருஷம் எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுங்க. அதனால கேட்டேன். கேட்டதுல ஒண்ணு இது" என்று சொல்லிவிட்டு வாசித்தான்.

மழை வந்தால்
கோழிகளுக்கு முன்னால்
கூண்டுக்கு ஓடுவார் யாகப்பன்.
இன்று மழை.
நனைந்துகொண்டு
நிற்கின்றன கோழிகள்,
யாராவது
முதலில் போகட்டும் என்று.

எல்லாரும் அவனையே பார்த்தார்கள். அவன் உட்கார்ந்தான்.

"முடிஞ்சிடுச்சா?" என்றார் சுந்தரமூர்த்தி ஐயா.

"முடிஞ்சிடுச்சு ஐயா."

"பீமா, இது கவிதையா, தகவலா?"

அவ்வளவுதான், கலகம் மூண்டது. விருதுக்காரர் தகவல் என்றார். விடியல்காரர் எதுகையே இல்லையே என்றார். வங்கியில் வேலை பார்க்கும் சுவாதி, எப்போதும் கடைசியில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாத பெண், எழுந்து நின்று, "எனக்கு இன்னொரு தரம் கேக்கணும் சார்" என்றாள். வாசித்தான். திரும்பவும் சண்டை. டீ ஆறிப்போனது. முன்பென்றால் பீமாராவ் மேசையைத் தட்டிப் பேசியே எல்லாரையும் சாய்த்திருப்பான். இப்போது வேடிக்கை பார்த்தான். தன் எட்டு வரிக்காக இத்தனை பேர் சண்டை போடுவதைக் கேட்க அவனுக்கு ரொம்ப நன்றாக இருந்தது.

இறங்கும்போது மாடிப்படியில் ஐயா அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் வலிக்காரர்.

"ஏம்ப்பா, நான் போயிட்டா நீ என்ன சொல்லி அறிவிப்ப?"

"இன்னா ஐயா, அதுக்குள்ள?"

"இல்ல, சும்மா கேக்கறேன்." கொஞ்சம் யோசித்து அவரே சேர்த்துக்கொண்டார். "எதுகை எதுகைன்னு உசுர எடுத்தாருன்னு சொல்லிடாத."

"அந்த உசுர எடுக்கறதெல்லாம் நீங்க இன்னும் நெறைய செய்யணும் ஐயா. நான் கேட்டுக்கிட்டே இருக்கேன்" என்றான் பீமாராவ். ஐயா படியெல்லாம் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம், லீவுக்கு வந்திருந்த கலைமதிக்காகக் கேக் வாங்க அவனும் வெண்மதியும் கடைவீதிக்குப் போனார்கள். பேக்கரியில் நல்ல கூட்டம். முன்னால் நின்ற புதுமாப்பிள்ளை ஒருவர் பெண்டாட்டி பேரைக் கேக்கில் எழுதச் சொல்லி, எழுத்துப் பிழை என்று கடைக்காரரோடு மல்லுக்கு நின்றார். வெண்மதி முழங்கையால் இடித்தாள். "பாத்தியா, மூணெழுத்துப் பேருக்கு முப்பது நிமிசம்." பீமாராவ் கேட்டுச் சிரித்தான்.

அவர்கள் முறை வந்தது. கடைக்காரர் கிரீம் குழலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆவலாகப் பார்த்தார்.

"கவிஞரே, சொல்லுங்க, இன்னா எழுதட்டும்?"

"ஹேப்பி நியூ இயர்னு எழுதுங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். பூ மட்டும் ரெண்டு எக்ஸ்ட்ரா போடுங்க."